வாசகர் கேள்வி: உறை பூசிய யூரியா வெங்காயத்துக்கு உதவுமா?

கேள்வி: யாழ்ப்பாணத்து உரும்பிராயில் சின்ன வெங்காயம் செய்து வருகிறேன். யூரியா மணிகளுக்கு உக்கக்கூடிய உறை பூசிய பசளை வந்திருக்கிறது என்றும், ஒரே தடவை இட்டால் போதும் என்றும் வெளிநாட்டிலுள்ள என் மருமகன் சொல்கிறார். அந்த உறை மண்ணில் பொலித்தீன் போலக் கிடக்காதா? எங்கள் செம்மண்ணுக்கு இது பொருந்துமா?

பதில்: முதலில் உங்கள் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். யூரியாவின் எடையில் 46 சதவீதம் நைதரசன். பாத்தியில் இட்டுத் தண்ணீர் கட்டியதும் அது கரைந்து, சில நாட்களில் அமோனியமாகிறது. அதில் ஒரு பங்கு வாயுவாகப் பறந்துவிட, மீதியைப் பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. நைத்திரேற்றை மண் பிடித்து வைப்பதில்லை. வேர் எடுக்காமல் விட்டது இறைப்பு நீரோடு இறங்கி, சுண்ணக்கல் வெடிப்புகளினூடாக, நாம் குடிக்கும் நிலத்தடி நீரையே சேர்கிறது. குடிநீரிலுள்ள நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். உங்கள் ஊர் அடங்கிய வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அது மீறப்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

உறை பூசுவதன் நோக்கம் இந்த இழப்பைக் குறைப்பதே. ஈரம் உறையினூடாக மெல்ல உட்புகுந்து யூரியாவைக் கரைக்க, உள்ளே அழுத்தம் கூடி, கரைசல் சிறுகச் சிறுக வெளியேறும். உறையின் தடிப்பும் மண்ணின் வெப்பமுமே வேகத்தைத் தீர்மானிக்கின்றன. ஆகவே 25 பாகை செல்சியசில் அளந்து மூடையில் அச்சிட்ட கால அளவு நமது வெயிலில் குறுகிவிடும். அதற்காக நீண்ட காலப் பசளையை வாங்குவதும் சரியல்ல. வெங்காயம் இரண்டரை மாதத்துக்குள் கிண்டப்படுவதால், அதன்பின் கசியும் நைதரசனை எடுக்க வேர் இராது, மாரி மழைதான் எடுத்துச் செல்லும்.

உங்கள் முதலாவது ஐயம் நியாயமானது. பழைய வகைகளில் பொலியெதிலீன் போன்ற உக்காத பல்பகுதியங்களே பூசப்பட்டன. யப்பானில் நெல் வயல்களிலிருந்து வெற்று உறைகள் கடல்வரை போய்ச் சேர்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டின் சட்டத்தில், இத்தகைய உறைகள் மண்ணில் உக்குபவையாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனைக்கு 2026 யூலையைக் கெடுவாக வைத்தது.

மாற்றாக மாப்பொருள், செலுலோசு, பொலிலக்ரிக் அமிலம் (தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யும் ஒருவகைப் பிளாஸ்ரிக்), இறால் நண்டு ஓடுகளிலிருந்து பெறும் கைற்றோசான் ஆகியவை முயலப்படுகின்றன. (நமது கடற்கரைகளில் அந்த ஓடுகள் நாறிக் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கும் ஆசை வருவதுண்டு; ஆனால் அவற்றைக் கைற்றோசானாக்க அமிலமும் கடுங்காரமும் வேண்டும்.) சிக்கல் என்னவென்றால், மாப்பொருளும் கைற்றோசானும் நீரை உறிஞ்சி ஊதிப்போய், உரிய நாளுக்கு முன்பே யூரியாவை விட்டுவிடுகின்றன. பொலிலக்ரிக் அமிலம் நீரைத் தடுக்கும். ஆயினும் அது விரைவாக உக்குவது 60 பாகையை அண்மிக்கும் கூட்டெருக் குவியலில்தான், சாதாரண மண்ணில் நெடுங்காலம் கிடக்கும். எனவே “உக்கும்” என்ற சொல்லை மட்டும் நம்பாமல், எங்கே, எத்தனை மாதத்தில் என்று மருமகனிடம் கேளுங்கள்.

வீட்டில் மரவள்ளி மாக் கஞ்சி காய்ச்சிப் பூசலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம், கஞ்சியிலுள்ள நீரிலேயே யூரியா கரைந்துவிடும். இந்தியாவில் 2015 முதல் கட்டாயமாக்கப்பட்ட வேப்பெண்ணெய் பூசிய யூரியா வேறு வகை: அது கரைவதைத் தடுப்பதில்லை, நைத்திரேற்று உண்டாகும் வேகத்தையே குறைக்கிறது.

இப்போதைக்கு யூரியாவைப் பிரித்துப் பிரித்து இட்டு, தண்ணீரை வெள்ளமாகக் கட்டாமல், நம் முன்னோர் செய்ததுபோலக் குழை தாழ்த்துவதே (பச்சிலைகளை மண்ணில் புதைப்பதே) செலவு குறைந்த வழி என்பது என் கருத்து. உறை பூசிய பசளை இங்கே முறைப்படி விற்பனைக்கு வந்தால், முதலில் இரண்டு பாத்திகளில் மட்டும் இட்டு, பக்கத்துப் பாத்தியில் வழமைபோலச் செய்யுங்கள். அதற்கு முன் ஒரு பிடி மணிகளைத் தண்ணீர்க் குவளையில் போட்டு வையுங்கள். மறுநாளே வெற்றுத் தோல் மிதந்தால் அந்த உறை வெடித்தது, வாங்க வேண்டாம்.