விசா ‘வாங்கும்போது’ எதற்குக் காசு கொடுக்கிறோம்?

விசா பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எழுதியவர்கள் வெவ்வேறு நாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள். யாருக்கு எந்த நாட்டுக்கு விசா தேவை என்பது பாஸ்போர்ட்டுக்கு பாஸ்போர்ட் மாறும். அதனால் எல்லோருக்கும் பொருந்துகிற விஷயங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐரோப்பா சுற்றுலாவுக்காக ஒரு ஏஜென்ட்டிடம் போனேன். “விசா கேரண்டி, கிடைக்காவிட்டால் முழுப் பணமும் வாபஸ்” என்கிறார். தூதரகக் கட்டணத்தைப் போல மூன்று மடங்கு கேட்கிறார். நம்பலாமா?

பதில்: கேரண்டி என்ற சொல் காதில் விழுந்ததுமே எழுந்து வந்துவிடலாம். ‘விசா வாங்கினேன்’ என்று சொல்லிச் சொல்லி, அதுவும் கடையில் வாங்குகிற பொருள் போல நம் மனதில் பதிந்துவிட்டது. விசாவை யாரும் விற்பதில்லை. நீங்கள் கட்டுவது விண்ணப்பத்தைப் படித்துப் பார்ப்பதற்கான கட்டணம். படித்துவிட்டு ‘இல்லை’ என்று சொன்னாலும் படித்த வேலை நடந்துவிட்டது, பணம் திரும்பாது. ஐரோப்பாவின் 29 நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவுக்கு 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 வயது நிரம்பி 12 நிரம்பாத பிள்ளைகளுக்கு 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை.

முடிவெடுப்பவர் தூதரக அதிகாரி. வி.எஃப்.எஸ். போன்ற விண்ணப்ப மையங்களுக்குக்கூட அந்த முடிவில் பங்கு கிடையாது. காகிதங்களைச் சரிபார்ப்பது, கைரேகையும் போட்டோவும் எடுப்பது, எல்லாவற்றையும் கட்டித் தூதரகத்துக்கு அனுப்புவது, அவ்வளவுதான் அவர்கள் வேலை. ஷெங்கன் விதிப்படி அவர்களுடைய சேவைக் கட்டணம் பொதுவாக விசா கட்டணத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் பில்லில் ஏறுகிற எஸ்.எம்.எஸ்., கூரியர், சொகுசுக் காத்திருப்பு அறை எல்லாம் நீங்கள் விரும்பினால்தான். சொகுசு அறையில் உட்கார்ந்து கொடுத்த விண்ணப்பத்தை அதிகாரி தனியாக எடுத்துப் படிக்கப்போவதில்லை.

ஏஜென்ட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படிவம் நிரப்பத் தடுமாறுபவர்களுக்கும் நேரம் இல்லாதவர்களுக்கும் நல்ல ஏஜென்ட் பெரிய உதவி. ஆனால் தூதரகக் கட்டணம் எவ்வளவு, மையத்தின் கட்டணம் எவ்வளவு, தன்னுடைய கூலி எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ‘முழுப் பணமும் வாபஸ்’ என்றால் அந்த மூன்றில் எது வாபஸ் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் இந்த இடத்திலேயே பேச்சை மாற்றிவிடுவார்கள். அப்புறம், சமர்ப்பிக்கும் முன் நிரப்பிய படிவத்தை வரிவரியாக நீங்களே படியுங்கள். ஒருமுறை என் படிவத்தில் பிறந்த தேதியின் நாளையும் மாதத்தையும் ஏஜென்ட் இடம் மாற்றிப் போட்டிருந்தார். கையெழுத்துப் போடப்போகும் நேரத்தில் கண்ணில் பட்டது. தப்பு யாருடையதாக இருந்தாலும் தூதரகம் பார்ப்பது கையெழுத்துப் போட்டவரைத்தான்.

கேள்வி: அமெரிக்காவில் அக்கா வீட்டுக்கு மூன்று வாரம் போகிறேன். நடுவில் எங்கள் கம்பெனியின் அங்குள்ள அலுவலகத்தில் இரண்டு நாள் மீட்டிங் இருக்கிறது. மற்ற நாட்களில் லேப்டாப்பில் என் வழக்கமான வேலையையும் கொஞ்சம் பார்ப்பேன். டூரிஸ்ட் விசா போதுமா?

பதில்: உங்கள் கேள்விக்குள் மூன்று பயணங்கள் இருக்கின்றன. அங்கே போய் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் விசாவின் வகை அமைகிறது.

அக்காவைப் பார்ப்பது பி2. மீட்டிங், மாநாடு, ஒப்பந்தப் பேச்சு பி1. இரண்டையும் சேர்த்து பி1/பி2 என்று ஒரே விசாவாகக் கொடுப்பது சாதாரணமாக நடப்பதுதான், விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். ஆகவே மீட்டிங்கை மறைக்க ஒரு காரணமும் இல்லை. படிவத்திலும் எழுதுங்கள், நேர்காணலிலும் சொல்லுங்கள். அங்குள்ள நிறுவனத்துக்காக உட்கார்ந்து வேலை செய்து சம்பளம் வாங்குவது என்றால் கதையே வேறு. அதற்கு எச்-1பி, எல்-1 போன்ற வேலை விசாக்கள். படிப்புக்கு எஃப்-1.

லேப்டாப் விஷயம்தான் சிக்கல். விசிட்டராக வந்த இடத்தில் தன் ஊர்க் கம்பெனி வேலையைப் பார்ப்பதை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறது. பயணத்தின் முக்கிய நோக்கம் அதுவாக இல்லாதவரை பரவாயில்லை என்று பிரிட்டன் 2024 ஜனவரி 31 முதல் தன் விசிட்டர் விதியில் எழுதியே வைத்துவிட்டது. நியூஸிலாந்தும் 2025 ஜனவரி 27 முதல் அனுமதிக்கிறது. எஸ்டோனியா 2020-லேயே இதற்கென்று தனி விசா கொண்டுவந்தது. இதே போன்ற தாய்லாந்தின் டி.டி.வி. விசா 2024-இல் வந்தது. அமெரிக்காவைப் பொறுத்தவரை, “விசிட்டராக வந்து இங்கிருந்தபடி வேலை பார்க்கலாம்” என்று நம்பிப் போகிற அளவுக்குத் தெளிவாக எழுதிய வரி இல்லை. மூன்று வாரம்தானே, லீவு போட்டுவிட்டுப் போங்கள். அக்காவுக்கும் அதுதான் சந்தோஷம்.

கேள்வி: என் கணக்கில் அவ்வளவு பணம் இல்லை. நண்பரிடம் கடன் வாங்கி ஒரு வாரம் கணக்கில் போட்டு வைத்துவிட்டு, ஸ்டேட்மென்ட் எடுத்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். எல்லோரும் செய்வதுதானாமே?

பதில்: எல்லோரும் செய்வதால்தான் அதிகாரிகளுக்கு இது பார்த்துப் பழகிய காட்சி. அவர்கள் கடைசி வரியில் இருக்கும் தொகையை மட்டும் பார்ப்பதில்லை. மாதாமாதம் சம்பளம் வருகிறதா, அது படிவத்தில் எழுதிய சம்பளத்தோடு ஒத்துப்போகிறதா, செலவு எப்படிப் போகிறது என்று ஓட்டத்தைப் பார்க்கிறார்கள். மூன்று மாதம் வற்றிக் கிடந்த கணக்கில் திடீரென்று ஒரு பெரிய தொகை வந்து விழுந்தால் ‘இது யாருடைய பணம்?’ என்ற கேள்விதான் முதலில் எழும். பிரிட்டனின் மாணவர் விசாவில் இதை விதியாகவே வைத்துவிட்டார்கள். தேவையான பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து.

பணம் உண்மையிலேயே அப்பாவோ தம்பியோ கொடுத்தது என்றால் அதை அப்படியே எழுதுங்கள். செலவை ஏற்கிறேன் என்று அவரிடம் ஒரு கடிதம், அவருடைய கணக்கு விவரம், உறவுக்கு ஒரு ஆதாரம் இருந்தால் போதும். இன்னொருவர் செலவு செய்வது தவறே இல்லை, அதை உங்கள் பணம் என்று காட்டுவதுதான் தவறு.

போலி ஸ்டேட்மென்ட், போலி வேலைக் கடிதம் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள். வெறும் மறுப்பு என்றால் அடுத்த மாதமே மறுபடி விண்ணப்பிக்கலாம். ஏமாற்றினார் என்று பதிவானால் கனடாவில் 5 வருடத் தடை, பிரிட்டனில் 10 வருடம். அமெரிக்காவில் அது ஆயுளுக்கும் கூடவே வரும், ஒவ்வொரு முறையும் விலக்கு கேட்டு நிற்க வேண்டியதுதான். கடிதத்தை அச்சடித்துக் கொடுத்தவருக்கு எந்தத் தடையும் வராது என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: விசா வருவதற்கு முன்பே டிக்கெட்டும் ஹோட்டலும் எடுக்க வேண்டுமா? மறுத்துவிட்டால் அந்தப் பணம்?

பதில்: பெரும்பாலும் தேவையில்லை. விசா கைக்கு வரும்வரை டிக்கெட் வாங்க வேண்டாம் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையே சொல்கிறது. ஷெங்கனுக்குக் கேட்பது முன்பதிவு, அதாவது இந்த நாளில் போய் இந்த நாளில் திரும்புகிறேன் என்று காட்டும் பயண விவரம். ரத்து செய்யக்கூடிய ஹோட்டல் பதிவு, பணம் திரும்பும் டிக்கெட் அல்லது சில நாள் நிறுத்தி வைக்கும் பதிவு போதும். இணையத்தில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் போலி டிக்கெட் வேண்டாம். பதிவு எண்ணைத் தட்டிப் பார்க்க அதிகாரிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ஷெங்கனுக்குப் பயணக் காப்பீடு கட்டாயம், குறைந்தது 30,000 யூரோ வரை மருத்துவச் செலவை ஏற்பதாக இருக்க வேண்டும். விசா மறுக்கப்பட்டால் பிரீமியம் திரும்புமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். பல நிறுவனங்கள் மறுப்புக் கடிதத்தைக் காட்டினால் திருப்பித் தருகின்றன. திரும்பாத டிக்கெட்டை ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள், அதில் அடங்கிய விமான நிலைய வரிகளையாவது கேட்டுப் பாருங்கள். வாயைத் திறந்து கேட்காதவருக்கு யாரும் தானாக அனுப்புவதில்லை.

ஷெங்கன் விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பே கொடுக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். சாதாரணமாக 15 நாளில் முடிவு வரும், சில சமயம் 45 நாள்வரை இழுக்கும். எனவே அந்தக் கெடுவை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

கேள்வி: பத்து வருட அமெரிக்க விசா கிடைத்திருக்கிறது. தம்பிக்கு ஒரு வருட ஷெங்கன் மல்டிபிள் என்ட்ரி. அத்தனை காலம் தங்கலாமா?

பதில்: இல்லை. இந்தக் குழப்பத்தில் படித்தவர்களே நிறையப் பேர் விழுந்திருக்கிறார்கள். ஸ்டிக்கரில் இருக்கும் தேதி, அந்த வாசலில் வந்து நின்று கதவைத் தட்டலாம் என்பதற்கான கெடு. உள்ளே எத்தனை நாள் என்பது தனிக் கணக்கு.

அமெரிக்காவில் அதை முடிவு செய்பவர் விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரி. பி2-வில் வருபவர்களுக்குப் பெரும்பாலும் 6 மாதம் கொடுக்கிறார்கள். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும், இணையத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இறங்கியதும் பார்த்துவிடுங்கள். அந்தத் தேதியைத் தாண்டித் தங்கினால் பாக்கி ஒன்பது வருடம் இருக்கிற விசாவும் செல்லாமல் போகும்.

தம்பியின் கணக்கு வேறு. எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் ஷெங்கன் பகுதியில் இருந்திருக்கக் கூடாது. 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. பாரிஸில் 60 நாள் இருந்துவிட்டு ரோமில் புதிதாக 90 தொடங்க முடியாது. இறங்கிய நாள், கிளம்பிய நாள் இரண்டும் கணக்கில் சேரும். லீப் வருடம் அல்லாத ஒரு வருடத்தில் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை இருந்தால் சரியாக 90 நாள். அடுத்து எப்போது நுழையலாம்? ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாள் எண்ண வேண்டும், அன்றைய நாளையும் சேர்த்து. எண்ணினால் ஜூன் 30 வருகிறது. ஒரு நாள் முன்னால் போனாலும் 91. விரல் விட்டு எண்ண வேண்டாம், ஐரோப்பிய ஆணையத்தின் தளத்தில் இதற்கென்றே ஒரு கால்குலேட்டர் இருக்கிறது.

ஒற்றை நுழைவு விசா வைத்திருப்பவர்கள் ஸ்டிக்கரில் ‘தங்கும் நாட்கள்’ என்ற கட்டத்தைப் பாருங்கள். மேலே 30 நாள் இடைவெளியில் தேதி போட்டு, கட்டத்தில் 15 என்று இருந்தால் உங்களுக்குக் கிடைத்தது 15 நாள்தான்.

கேள்வி: வழியில் விமானம் மாறுவதற்கும் விசா வேண்டுமா?

பதில்: நாட்டைப் பொறுத்தது. அமெரிக்கா வழியாகப் போனால், விசா விலக்கு உள்ள பாஸ்போர்ட்டாக இல்லாவிட்டால், கட்டாயம் வேண்டும். பல நாடுகளில் விமான நிலையத்துக்குள்ளேயே மாறுவதற்குத் தேவைப்படாது. ஆனால் விலை குறைவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தால், பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வெளியே வர வேண்டியிருக்கும். வெளியே வருவது என்றால் அந்த நாட்டுக்குள் நுழைவது. டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாக அங்கே இழக்க நேரும். ஷெங்கன் பகுதிக்குள் இரண்டு விமான நிலையங்கள் வழியாகப் போவதும் உள்ளே நுழைவதாகத்தான் கணக்கு.

கேள்வி: சிங்கப்பூர் வருகை அட்டைக்கு ஒரு இணையதளத்தில் பணம் கட்டினேன். அது இலவசம் என்று இப்போது தெரிகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஆமாம். சிங்கப்பூரின் எஸ்.ஜி. வருகை அட்டை, மலேசியாவின் எம்.டி.ஏ.சி., தாய்லாந்தின் டி.டி.ஏ.சி. என்ற மூன்று வருகை அட்டைகளுக்கும் கட்டணம் இல்லை. இவை விசாவும் இல்லை. விசா தேவைப்படுபவர் அதைத் தனியாகத்தான் எடுக்க வேண்டும். விசா தேவைப்படாத பயணிகள் இணையத்தில் எடுக்கும் கனடாவின் இ.டி.ஏ. அனுமதிக்கு அரசு வாங்குவது 7 கனடிய டாலர் மட்டும், அதற்குப் பத்து மடங்கு வாங்கும் தளங்களும் இருக்கின்றன. தேடலில் முதலில் வருவது பல சமயம் விளம்பரம். முகவரியின் கடைசிப் பகுதி அந்த நாட்டு அரசுடையதுதானா என்று பாருங்கள்.

‘சேவைக் கட்டணம்’ என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தால் பணத்தை மீட்பது கஷ்டம். இருந்தாலும் கார்டு கொடுத்த வங்கிக்கு உடனே புகார் எழுதுங்கள். கட்டணத்தைவிடப் பெரிய கவலை, பாஸ்போர்ட் விவரங்கள் அவர்கள் கையில் இருப்பது. உங்கள் பெயரில் வரும் மெயில்களில் எச்சரிக்கையாக இருங்கள். அட்டையை அரசுத் தளத்தில் நீங்களே புதிதாக நிரப்பிவிடுவது நல்லது.

கேள்வி: ஒரு நாடு எனக்கு விசா மறுத்துவிட்டது. இன்னொரு நாட்டின் படிவத்தில் ‘முன்பு மறுக்கப்பட்டதா?’ என்று கேட்கிறார்கள். இல்லை என்று போட்டால் தெரியவா போகிறது?

பதில்: தெரியும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஐந்தும் இமிகிரேஷன் தகவல்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஷெங்கன் நாடுகளுக்குப் பொதுவான விசா தகவல் தொகுப்பே இருக்கிறது. ‘ஆம்’ என்று போட்டு, எந்த வருடம், என்ன காரணம் சொன்னார்கள், அதற்குப் பிறகு என்ன மாறியிருக்கிறது என்று நாலு வரி எழுதுங்கள். ஷெங்கன் மறுப்பில் காரணத்தைப் படிவத்தில் குறித்துத் தருவார்கள், மேல்முறையீட்டுக்கும் உரிமை உண்டு. ஆனால் காகிதம் விட்டுப்போனதால் மறுத்திருந்தால், மேல்முறையீட்டுக்கு அலைவதைவிட அந்தக் காகிதத்தோடு புதிதாக விண்ணப்பிப்பதே சீக்கிரம் முடியும். எதையும் மாற்றாமல் அதே விண்ணப்பத்தை மறுபடி போடுபவர்கள்தான் கட்டணத்தை வீணாக்குகிறார்கள்.

கேள்வி: பாஸ்போர்ட் காலாவதியாக ஐந்து மாதம் இருக்கிறது. போதுமா?

பதில்: பிரிட்டனுக்குத் தங்கும் காலம் முழுக்கச் செல்லுபடியானால் போதும். ஷெங்கனுக்குக் கிளம்பும் நாளுக்குப் பின் 3 மாதம் இருக்க வேண்டும், வழங்கி 10 வருடத்துக்குள் இருக்க வேண்டும். சிங்கப்பூர், இந்தோனேசியா போன்ற நாடுகள் 6 மாதம் கேட்கும். அங்கே போவதாக இருந்தால் முதலில் புதுப்பியுங்கள். விசா ஒட்டிய பிறகு புதுப்பித்தால் பழைய புத்தகத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.