வயதானவர்களுக்கான சுகர் ஆப்பை வடிவமைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சர்க்கரை அளவைக் குறித்துவைக்க ஒரு ஆப் எழுதி, முதலில் அம்மாவிடம் கொடுத்தேன். வயது 71, சுகர் வந்து இருபது வருஷம். மறுநாளே புகார்: "பட்டன் வேலை செய்யலடா."

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. அம்மா பட்டனைத் தொடுவதில்லை, காலிங் பெல் மாதிரி அழுத்திப் பிடிக்கிறார். போன் அதை லாங் பிரஸ் என்று எடுத்துக்கொள்கிறது. பல வருஷ சுகரில் விரல் நுனி மரத்துப்போனவர்களுக்குப் பட்டதா படவில்லையா என்றே தெரியாது. லாங் பிரஸ், ஸ்வைப் இரண்டையும் தூக்கினேன். பட்டன் பட்டதும் போன் லேசாக அதிரும்படி வைத்தேன். பட்டனுக்குக் குறைந்தபட்சம் என்று ஆண்ட்ராய்டு சொல்லும் 48 டிபி (திரையில் அளவு குறிக்கும் அலகு) போதாது, தாராளமாகப் பெரிதாக்குங்கள். வெள்ளைத் திரையில் சாம்பல் எழுத்து வேண்டவே வேண்டாம். கண்புரை உள்ளவருக்கு அது வெறும் வெள்ளைத் திரைதான். போனில் எழுத்தளவை உச்சத்தில் வைத்தும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், பாதி ஆப்கள் அங்கேயே சிதறிவிடும்.

இதெல்லாம் சுலபம். நான் கோட்டை விட்டது வேறு இடத்தில். 180-ஐத் தாண்டினால் திரை சிவப்பாகும், எனக்கும் மெசேஜ் வரும். பிரமாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போனபோது சமையலறைக் காலண்டரில் அம்மா பென்சிலால் 212 என்று எழுதியிருந்தார். அதே நாள் ஆப்பில் 142.

"சிவப்பு வந்தா உடனே போன் போட்டு என்ன தின்னேன்னு கேப்ப. அதான்."

சிவப்பை எடுத்துவிட்டேன். எண் மட்டும் பெரிதாகத் தெரியும். எனக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது அம்மா கையில். 70-க்குக் கீழே போனால் மட்டும் உடனே இனிப்பாக ஏதாவது சாப்பிடச் சொல்லும். ரொம்ப ஏறினால் டாக்டரைக் கூப்பிட ஒரு பட்டன் வரும். அதற்கப்புறம் வந்த எண்கள் காலண்டரோடு ஒத்துப்போகின்றன.

மாத்திரைக்குப் பெயர் போடாமல் அட்டையின் போட்டோவைப் போடுங்கள். மெட்ஃபார்மின் என்றால் அம்மாவுக்குத் தெரியாது, "காலையில போடுற நீட்டு வெள்ளை" என்றால்தான் தெரியும். மருந்துக் கடையில் கம்பெனி மாற்றிக் கொடுத்தால் அட்டையே வேறாகிவிடும், அதனால் போட்டோவை மாற்றுவதும் ஒரே தட்டில் நடக்க வேண்டும்.

ஆப் பெயரைக் கேட்காதீர்கள், இன்னும் வெளியிடவில்லை. பக்கத்து வீட்டு மாமா ஓடிபி திரையிலேயே நிற்கிறார். மெசேஜைத் திறந்து, எண்ணைப் படித்து, திரும்பி வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது.