பட்டினி கிடக்கும் பேட்டரி: கேள்விகளும் பதில்களும்

மார்த்தாண்டத்தில் வண்டி வயரிங்கும் பேட்டரி வேலையும்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஏஜிஎம் பேட்டரி பற்றிக் கேட்டு அனுப்பியவர்களில் பாதிப் பேருக்கு ஒரே வருத்தம்: விலை கூடக் கொடுத்து வாங்கியது, இரண்டு வருஷம்கூட ஓடவில்லை. நான் பார்த்தவரை வயசாகிச் செத்த பேட்டரி குறைவு. வயிறு நிறையாமலே கிடந்து செத்ததுதான் அதிகம். சரி, வரிசையாக வருவோம்.

வடசேரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, முதலில் ஏஜிஎம் என்றால் என்ன? ஆசிட் இல்லாத பேட்டரி என்கிறார்களே?

ஆசிட் இருக்கிறது சார். ஈயத் தகடும் அதேதான். சாதாரண பேட்டரியில் ஆசிட் தண்ணீர் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். இதில் தகடுகளுக்கு நடுவே கண்ணாடி நாரில் செய்த மெல்லிய பாய் வைத்து, அதில் ஆசிட்டை ஊற வைத்திருப்பார்கள். நனைந்த பஞ்சு மாதிரி. அதனால் ஒழுகாது, குலுக்கலைத் தாங்கும், கரண்டை வேகமாகக் கொடுக்கும், வேகமாக வாங்கும். ஆனால் மூடி கிடையாது. அதிக சார்ஜில் கொதித்துத் தண்ணீர் வற்றினால், டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வழியில்லை. குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு.

கருங்கல், ஒரு சகோதரி: அண்ணா, வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். கார் ஷெட்டில்தான் கிடக்கிறது. அவர் சொன்னபடி ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போய்வந்து 10 நிமிஷம் ஸ்டார்ட் செய்து ஓட விடுகிறேன். அப்படியும் பேட்டரி போய்விட்டது. நான் என்ன தப்பு செய்தேன்?

தப்பு உங்களிடம் இல்லை தங்கச்சி, கணக்கில் இருக்கிறது. பூட்டி நிறுத்திய காரும் கொஞ்சம் கரண்ட் குடித்துக்கொண்டேதான் இருக்கும். அலாரம், ரிமோட் லாக், கம்ப்யூட்டர் நினைவு எல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள், அது சாதாரணமான அளவுதான். ஒரு வாரத்துக்கு 5 ஆம்பியர் ஹவர் போய்விடும் (ஒரு ஆம்பியர் கரண்ட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர் ஹவர்). 10 நிமிஷம் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல், ஓடினால் பேட்டரிக்குள் திரும்பப் போவது ஒன்றரை ஆம்பியர் ஹவர் இருந்தால் அதிகம். ஏசியும் லைட்டும் போட்டிருந்தால் அதுவும் இல்லை. வாரம் 5 ரூபாய் எடுத்து ஒன்றரை ரூபாய் போடுகிற சீட்டு எத்தனை நாள் நிற்கும்?

செல்ஃப் அடிப்பதால்தான் பேட்டரி தீர்கிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். 200 ஆம்பியர் இழுத்தாலும் அது 3 வினாடிதான். கணக்குப் பார்த்தால் 0.17 ஆம்பியர் ஹவர், ஒன்றுமே இல்லை. சும்மா கிடக்கிற வாரம்தான் தின்கிறது.

பாதி இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் தகட்டில் ஈய சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. ஒரு மணி நேரம் ரோட்டில் ஓட்டினால் ஓரளவு ஈடாகும். அது முடியாவிட்டால், ஏஜிஎம் மோடு உள்ள ஒரு நல்ல சார்ஜரை மாதம் ஒரு இரவு மாட்டி வையுங்கள். வாரா வாரம் ஸ்டார்ட் செய்வதை நிறுத்திவிடலாம். இன்ஜின் சூடாகாமல் அணைப்பது ஆயிலுக்கும் நல்லதில்லை.

தக்கலை: மீட்டர் வைத்தால் 12.4 காட்டுகிறது. 12 வோல்ட் பேட்டரிக்கு அது போதுமே?

போதாது. பெயர்தான் 12. முழுதாக நிறைந்த ஏஜிஎம் சும்மா இருக்கும்போது 12.8, புதிதாக இருந்தால் 12.9கூடக் காட்டும். 12.5 வந்தாலே சார்ஜ் போட வேண்டும். 12.2 என்றால் பாதி காலி. வண்டி ஓட்டி நிறுத்திய உடனே மீட்டர் வைக்காதீர்கள், மேலோட்டமான சார்ஜ் ஏமாற்றும். ராத்திரி நிறுத்தி, காலையில் கதவைத் திறக்கும் முன் பார்ப்பதுதான் உண்மை. பானெட் லீவர் உள்ளே இருக்கிறதே என்றால், முந்தின நாளே பானெட்டை லேசாகத் திறந்து வைத்துவிடுங்கள்.

குலசேகரம்: ரப்பர் தோட்டத்து ஷெட்டில் அப்பா காலத்துச் சார்ஜர் ஒன்று கிடக்கிறது, பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்தது. அதில் போடலாமா அண்ணே?

அந்தச் சார்ஜருக்கு நிறுத்தத் தெரியாது. பேட்டரி நிறைந்த பிறகும் தள்ளிக்கொண்டே இருக்கும், வோல்டேஜ் 15, 16 என்று ஏறும். மூடி திறந்து தண்ணீர் ஊற்றுகிற பேட்டரிக்கு அது சமாளிக்கக்கூடிய விஷயம். ஏஜிஎம்மை ஒரே ராத்திரியில் வறுத்துவிடும்.

இதற்கு வேண்டியது 14.4 முதல் 14.8 வோல்ட் வரை ஏற்றி, நிறைந்ததும் 13.5, 13.8 பக்கம் தானே இறங்கி நிற்கிற சார்ஜர். சரியான அளவு பேட்டரி மேலேயே அச்சடித்திருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கெல்லாம் 25 டிகிரிக்குச் சொன்னது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 20 மில்லி வோல்ட் குறைக்க வேண்டும். நம் ஊர் மத்தியானம் 35 டிகிரி என்றால் 0.2 வோல்ட் குறைவு. வெப்பம் பார்த்துத் தானே குறைக்கிற சார்ஜர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் ராத்திரி போடுங்கள், வெயிலில் வேண்டாம்.

65 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு 6 ஆம்பியர் சார்ஜர் போதும். முதல் 80 சதவீதம் மளமளவென்று ஏறும். கடைசி 20 சதவீதம்தான் மணிக்கணக்கில் இழுக்கும். பொறுமையில்லாமல் பாதியில் கழற்றுகிறவர்கள் அந்த 20ஐத்தான் கழற்றுகிறார்கள். ‘ஈக்வலைஸ்’, ‘ரீகண்டிஷன்’ என்று பட்டன் இருந்தால், கம்பெனி புத்தகத்தில் சொல்லியிருந்தாலொழியத் தொடாதீர்கள்.

தேங்காய்ப்பட்டணம்: வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டி ஏற்றலாமா?

இன்வெர்ட்டரை ட்யூபுலர் (தண்ணீர் ஊற்றுகிற பேட்டரி) என்று வைத்திருந்தால் வேண்டாம். பின்பக்கம் எஸ்எம்எஃப் (தண்ணீர் ஊற்றாத மூடிய பேட்டரி) என்று மாற்ற ஸ்விட்ச் இருந்தால், கார் பேட்டரிக்கு அவசரத்துக்கு ஆகும். பைக் பேட்டரியை அதில் மாட்டவே கூடாது. 5 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு 10 ஆம்பியருக்கு மேல் கொடுப்பது, குழந்தை வாயில் பம்ப்செட் ஓஸ் வைப்பது மாதிரி.

குளச்சல்: அண்ணே, பைக்கில் பேட்டரி உப்பிவிட்டது. வாரன்டியில் மாற்றினேன். 4 மாதத்தில் அதுவும் உப்பிவிட்டது. கம்பெனி மோசமா?

போன மழைக்கு முந்தி இதே கதையோடு ஒரு பையன் வந்தான். பேட்டரி இரண்டு பக்கமும் வீங்கி, பெட்டியை விட்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தால் அழுகிய முட்டை நாற்றம். கடையில் 2 பேட்டரி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், ஒருவரும் மீட்டர் வைக்கவில்லை. நல்ல பேட்டரி ஒன்றை மாட்டி ஆக்ஸிலரேட்டரை முறுக்கினேன். 14 தாண்டியது, 15 தாண்டியது, 15.6இல் போய் நின்றது. பேட்டரிக்குப் போகிற வோல்டேஜைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் ரெக்டிஃபையர் போயிருந்தது. ஆர்ஆர் யூனிட் என்று கேட்டால் கடையில் தருவார்கள்.

உங்கள் பைக்கிலும் இன்ஜினை வேகமாக ஓடவிட்டு, டெர்மினலில் பாருங்கள். 14.8க்கு மேல் போனால் பேட்டரியைத் திட்டாதீர்கள். உப்பிய பேட்டரியில் சார்ஜர் மாட்டவும் வேண்டாம், பக்கத்தில் பீடி பற்றவைக்கவும் வேண்டாம்.

மார்த்தாண்டம்: பைக்கில் ஜிபிஎஸ் மாட்டியதிலிருந்து 10 நாள் நிறுத்தினால் செல்ஃப் எடுப்பதில்லை.

ஜிபிஎஸ் 20 மில்லி ஆம்பியர் எடுத்தால் நாளுக்கு அரை ஆம்பியர் ஹவர். உங்கள் பேட்டரி 5. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், 10 நாள்தான் வருகிறது.

முட்டம்: கடற்கரையில் வீடு. ஆல்டர்னேட்டர் மாற்றியும் சார்ஜ் ஏறவில்லை.

இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்குகிறது ஆல்டர்னேட்டர். அதை மாற்றும் முன் என்னிடம் கேட்டிருக்கலாம். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் போல்ட்டில் ஒரு தடவை, பேட்டரி டெர்மினலில் ஒரு தடவை மீட்டர் வையுங்கள். அங்கே 14.3, இங்கே 13.6 என்றால் நடுவில் 0.7 வோல்ட்டை உப்புக்காற்று தின்கிறது. பெரும்பாலும் பேட்டரி நெகட்டிவிலிருந்து வந்து பாடியில் முறுக்கிய எர்த் வயரின் நுனி துருப்பிடித்திருக்கும், யாரும் அங்கே பார்ப்பதில்லை. நெகட்டிவை முதலில் கழற்றி, வெந்நீரில் ஆப்பச்சோடா கரைத்து பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். முறுக்கும் முன் தடவினால் பிடிப்பு சரியாக இருக்காது.

திங்கள்சந்தை: ஜெர்மன் கார். சார்ஜர் கிளிப்பை பேட்டரியிலேயே மாட்டலாமா?

பாசிட்டிவை மாட்டுங்கள். நெகட்டிவை பாடியில் உள்ள எர்த் பாயின்ட்டில் மாட்டுங்கள். அந்தக் கார்களில் நெகட்டிவ் டெர்மினலில் ஒரு சென்சார் உட்கார்ந்து, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் எண்ணிக்கொண்டிருக்கும். நேராக டெர்மினலில் மாட்டினால் சார்ஜ் ஏறியது அதற்குத் தெரியாது. புது பேட்டரி போட்டாலும் ஸ்கேனர் மாட்டிப் பதிவு செய்ய வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஏஜிஎம்மைக் கழற்றிவிட்டு விலை குறைந்த சாதாரண பேட்டரி போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஸ்டார்ட்-ஸ்டாப் உள்ள, அதாவது சிக்னலில் இன்ஜின் தானே அணைந்து தானே ஸ்டார்ட் ஆகிற வண்டியில் வேண்டாம்.

கருங்கல் சகோதரி மறுபடியும்: அண்ணா, ஷெட்டில் பிளக் பாயின்ட் இல்லை. என்ன செய்ய?

அப்படியானால் முழு சார்ஜ் போட்டுவிட்டு நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி விடுங்கள், 10 நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும். 2, 3 மாதத்துக்கு ஒருமுறை பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து சார்ஜ் போட்டால் போதும். கடிகாரமும் ரேடியோவும் மறந்துவிடும், பரவாயில்லை. ஒன்று மட்டும் கவனம்: கழற்றிய பிறகு ரிமோட் வேலை செய்யாது. ரிமோட்டுக்குள் மறைந்திருக்கும் சாவி கதவில் திரும்புகிறதா என்று முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி டிக்கியில் இருக்கிற கார் என்றால் டிக்கியைச் சாத்தவே சாத்தாதீர்கள். ஒருவர் சாத்திவிட்டார். ஸ்பேனர், சாவி, கழற்றிய வயர் எல்லாம் உள்ளே. பின் சீட்டை மடக்கி, ஒல்லியான என் கடைப் பையனை உள்ளே தவழவிட்டுத்தான் திறந்தோம்.