கட்டுத்தரையில் விருந்தாளிகள் – கடிதம்

வணக்கம் ஐயா,

மகளைப் பார்க்க இங்கிலாந்து போனபோது நார்ஃபோக் கடற்கரைப் பக்கம் பழைய பார்ன் (பண்ணைக் களஞ்சியம்) ஒன்றில் தங்கினோம். சக்கிமுக்கிக்கல் சுவர், உயரமான கூரை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் மாடு கட்டிய கொட்டகை, கட்டுத்தரை, சும்மா கிடக்கிறது. 40க்கு 16 அடி, மண்சாந்தில் வைத்த கல்சுவர், சீமை ஓடு. சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, டைல்ஸ் ஒட்டி விருந்தாளிகளுக்கு விடலாமென்று யோசனை. கொத்தனார் ஒரே மாசத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறார். நாங்கள் இருப்பது திருப்பூரில். செய்யலாமுங்களா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். ஐப்பசி மழைக்குப் பட்டி பொரிந்து உதிரும், அவ்வளவுதான்.

நீங்கள் தங்கியது அநேகமாகக் கதிரடிக்கும் பார்ன். எதிரெதிரே இரண்டு பெரிய வாசல், குறுக்கே வீசும் காற்றில் தூற்றுவதற்கு. அந்த வாசலுக்குத்தான் இப்போது கண்ணாடி போடுகிறார்கள். அங்கே இருந்தது தானியமும் வைக்கோலும். உங்கள் கட்டுத்தரை மூத்திரம் குடித்த தரை. அதிலுள்ள யூரியா மண்ணில் நுண்ணுயிர்களால் நைட்ரேட் உப்பாகிறது. அந்தக் காலத்தில் வெடியுப்புக் காய்ச்சியவர்கள் தேடிப்போனதும் இந்த மண்ணைத்தான். மாட்டை விற்றுவிட்டாலும் உப்பு போகாது. ஈரத்தோடு சுவரில் ஏறும், காற்றின் ஈரத்தையும் இழுக்கும். ஒழுகாத கூரைக்குக் கீழே சுவர் வியர்ப்பது இதனால்தான். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு பின்னால் படிந்து பூச்சையே தள்ளிவிடும்.

முதலில் தரை மண்ணை ஒன்றரை அடி வெட்டி எடுங்கள். தென்னைக்குப் போட்டால் நல்ல உரம். வெட்டுமுன் ஓரிடத்தில் தோண்டி அஸ்திவாரம் எவ்வளவு ஆழமென்று பாருங்கள். பழைய கட்டுத்தரைகளில் பல நேரம் ஆழமே இருக்காது. அப்படியானால் சுவரோரம் இரண்டடி விட்டுச் சரிவாக வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் மண்சாந்துச் சுவர் உட்கார்ந்துவிடும். குழியில் தூசி இல்லாத 40 மி.மீ. ஜல்லி அரை அடி. கீழிருந்து ஈரம் ஏறுவதை அது அறுக்கும். அதன்மேல் சுண்ணாம்பு கான்கிரீட், பிறகு சுட்ட மண் தரை ஓடுகள். பாலித்தீன் ஷீட் விரிக்காதீர்கள், ஈரம் முழுக்கச் சுவருக்குப் போகும்.

சுவரில் உப்புக்கறை தெரியும் உயரத்துக்கு மேல் இன்னும் ஒன்றரை அடி வரை பழைய பூச்சை உரித்து, காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்ந்ததை வாரி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்துப் பூசுங்கள். இந்த முதல் பூச்சு உப்பை உறிஞ்சத்தான். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழிந்தபின் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். கொத்தனார் முகம் சுளிப்பார். அந்த வருடம் பொறுக்க முடியாவிட்டால் இந்த வேலையே வேண்டாம். குளியலறையையும் உள்ளே தடுக்காமல் வெளியே ஒட்டிக் கட்டுங்கள்.

கண்ணாடியைக் கிழக்கில் வையுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கும், புழுதியோடு. மேற்குச் சுவரில் சின்ன ஜன்னல் போதும். கூரை ஓடுகளையும் அந்தக் காற்றுதான் கிளப்பும். ஓட்டுக்கு அடியில் துளையுள்ள காது இருந்தால், இறவாரத்து முதல் மூன்று வரிசையையும் பக்க ஓரங்களையும் ஜிஐ கம்பியால் ரீப்பரோடு கட்டுங்கள். சுவருக்குள் போகும் பனங்கை (கூரை தாங்கும் பனஞ்சட்டம்) முனைகளை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். செல்லு, அதாவது கரையான், ஆரம்பிப்பது அங்கேதான்.

திருப்பூரில் இருந்துகொண்டு நடத்துவதில் ஒரு சிக்கல். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்தில் 6 அறை, 12 படுக்கை வரை அனுமதி உண்டு, ஆனால் உரிமையாளர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும். ஆள் வைத்து நடத்தினால் அது விடுதிக் கணக்கு, உரிமங்களும் வேறு. வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டும். தோட்டத்தில் சிக்னல் எடுக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.