பிபிஎம் கோப்பு திறக்கவில்லையா? மாற்றுவதற்கு முன் நோட்பேடில் ஒருமுறை பாருங்கள்

கேள்வி: பழைய பாட்டுப் புத்தகம் ஒன்று ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாக என்னிடம் இருக்கிறது. எழுத்துணரியில் (படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தரும் மென்பொருள்) கொடுத்து யூனிகோடாக்க வேண்டும். ஒரு வீடியோவைப் பார்த்து, பிடிஎஃப்பைக் கையாளும் பாப்லர் என்ற தொகுப்பில் உள்ள பிடிஎஃப்இமேஜஸ் கருவியால் பக்கங்களைப் படங்களாகப் பிரித்தேன். 200 கோப்புகள் வந்தன. எல்லாம் பிபிஎம் (PPM) என்ற பட வடிவம், ஒவ்வொன்றும் 26 எம்பி. போனில் திறக்கவில்லை. விண்டோஸ், எதில் திறக்கட்டும் என்று என்னையே கேட்கிறது. பெயரின் கடைசியில் ஜேபிஜி என்று மாற்றியும் பார்த்தேன், பலன் இல்லை. எப்படி மாற்றுவது?

பதில்: பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. பழைய பெயரையே திரும்ப வைத்துவிடுங்கள். கோப்பு கெட்டுப்போகவில்லை.

ஒரு பக்கத்தை நோட்பேடில் திறந்து பாருங்கள். 26 எம்பி என்பதால் கொஞ்சம் திணறும், பொறுத்திருங்கள். முதல் வரியில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் பி6 (P6) என்று இருக்கும். அடுத்த வரியில் 2480 3508. அதற்கடுத்து 255. பிறகு கோடும் கட்டமுமாய்க் குப்பை கொட்டியதுபோல் குறிகள் தொடங்கும். முதல் மூன்று வரிகள்தான் தலைப்பு. பி6 என்றால் வண்ணப் படம். அடுத்த இரண்டும் அகலமும் உயரமும், புள்ளிக் (பிக்சல்) கணக்கில். 255 என்பது ஒரு நிறம் எட்டக்கூடிய உச்ச மதிப்பு. குப்பையாகத் தெரிவதுதான் படம். இடது மேல் மூலையில் தொடங்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட்டுகள், வரிசையாக. சுருக்கம் எதுவும் கிடையாது. 2480-ஐ 3508-ஆல் பெருக்கி, அதை 3-ஆல் பெருக்குங்கள்: 2,60,99,520 பைட்டுகள். தலைப்புக்கு 17. உங்கள் 26 எம்பி இதுதான்.

பார்த்தபின் சேமிக்காமல் மூடிவிடுங்கள், இது முக்கியம். நோட்பேட் அந்தப் பைட்டுகளை எழுத்துகளாக நினைத்துத் திருத்தி எழுதிவிடும், படம் போய்விடும். 255-க்குப் பின் ஒரே ஒரு இடைவெளிக் குறிதான் வரலாம். விண்டோஸ் பாணியில் வரி முடிவுக்கு இரண்டு பைட்டுகள் விழுந்தால், மிச்ச எல்லாமே ஒரு பைட் தள்ளிப்போகும். சிவப்பு பச்சையாகும், பச்சை நீலமாகும், நீலம் அடுத்த புள்ளியின் சிவப்பாகும். வடிவம் சரியாக, நிறம் மட்டும் பைத்தியமாகத் தெரியும் பிபிஎம் படத்தைக் கண்டால் முதலில் இந்த இடத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இவ்வளவு எளிமைக்குக் காரணம் உண்டு. 1980-களில் ஜெஃப் பாஸ்கன்சர் என்ற நிரலாளர் கருப்பு வெள்ளைப் படங்களை மின்னஞ்சலில் அனுப்ப ஒரு வடிவத்தை வகுத்தார். அப்போதைய அஞ்சல் சாதாரண எழுத்துகளைத்தான் சேதமில்லாமல் கொண்டுபோகும் என்பதால், படத்தையே 0, 1 என்று எழுதிவிட்டார். அதுதான் பி1. பின்னர் சாம்பல் நிறத்துக்கு பி2, வண்ணத்துக்கு பி3, இவற்றையே எழுத்தாக அல்லாமல் நேரடி பைட்டுகளாக வைக்கும் பைனரி வடிவங்களாக பி4, பி5, பி6. (கருப்பு வெள்ளை வடிவத்தின் பெயரையும் (PBM) தமிழில் எழுதினால் பிபிஎம்தான், குழம்பாமல் இருக்க எண்ணையே பிடித்துக்கொள்ளுங்கள்.) பி1, பி4-இல் 1 என்றால் கருப்பு. மற்றவற்றில் 0 கருப்பு. சொந்தமாக நிரல் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் நெகட்டிவ் படத்தோடு முழித்துக்கொண்டு நிற்பார்கள்.

இனி மாற்றுவது. ஆனால் உங்கள் விஷயத்தில் மாற்றவே தேவையில்லாமல் போகலாம். பிடிஎஃப்இமேஜஸ் கருவியை லிஸ்ட் (-list) என்ற விருப்பத்தோடு ஓட்டினால், உள்ளே ஒவ்வொரு படமும் எந்த வடிவில் இருக்கிறது என்று அட்டவணை காட்டும். அங்கே ஜேபெக் (ஜேபிஜியும் இதுதான்) என்று இருந்தால், நீங்கள் செய்தது இது: ஜேபெக்கைப் பிரித்துப் பிபிஎம் ஆக்கினீர்கள், இப்போது அதை மறுபடி ஜேபெக்காக அமுக்கப் பார்க்கிறீர்கள். இரண்டாம் முறை அமுக்கும்போது தரம் இன்னும் குறையும். சிறிய ஜே (-j) விருப்பத்தைச் சேர்த்து மறுபடி பிரித்தால், உள்ளே இருந்த ஜேபெக் கோப்பு அப்படியே வெளியே வரும். போனிலும் திறக்கும், இடமும் மிச்சம்.

அட்டவணை வேறு எதையாவது காட்டினால் பிஎன்ஜியாக மாற்றுங்கள். ஜேபிஜி வேண்டாம். ஜேபெக், படத்தை 8-க்கு 8 கட்டங்களாக வெட்டி அமுக்குவதால் எழுத்தோரங்களில் அழுக்குப் படியும். ஆங்கிலத்துக்கு அது பெரிதில்லை. நமக்கு எழுத்தின் தலையில் உள்ள ஒரு புள்ளி மங்கினால் 'க்' 'க' ஆகிவிடும். பிழை திருத்த உட்காரும்போது தெரியும் வலி. பிஎன்ஜியில் ஒரு பைட்டும் இழப்பில்லை.

ஒன்றிரண்டு படம் என்றால் ஜிம்ப் என்ற படத்திருத்தி போதும்: திறந்து, எக்ஸ்போர்ட் ஆஸ், பெயரின் முடிவில் பிஎன்ஜி. 200-க்கு இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருள். திறந்து பி (B) விசையைத் தட்டினால் மொத்தமாக மாற்றும் பெட்டி வரும். கோப்புகளைச் சேர்த்து, வடிவத்தைப் பிஎன்ஜி என்று வைத்து ஓடவிடுங்கள். இணையத்தில் இலவசமாக மாற்றித் தருகிற தளங்கள் நிறைய உண்டு. 5 ஜிபிக்கு மேல் ஏற்றி இறக்குவது வீண் வேலை. சொத்துப் பத்திரம், ஆதார் போன்ற ஸ்கேன்களை அங்கே கொடுப்பது வம்பு.

அந்தப் பெட்டியிலேயே அட்வான்ஸ்ட் பகுதிக்குப் போய் டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) மதிப்பைப் புதிதாக 300 என்று கொடுங்கள். பிபிஎம் தலைப்பு நீங்கள் பார்த்த அந்த மூன்று வரி விவரங்களைத்தான் சொல்லும். டிபிஐ அதில் இல்லை, அதனால் மாற்றிய பிஎன்ஜிக்கும் தெரியாது. அங்குலத்துக்கு 96 புள்ளி என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருளில் உங்கள் ஏ4 பக்கம் ஏறத்தாழ 26 அங்குல அகலத்துக்கு விரியும். சரியான மதிப்பு 300-தானா என்பதை அதே லிஸ்ட் அட்டவணையின் பிபிஐ (டிபிஐக்கு அங்கே உள்ள பெயர்) பத்தியில் பார்த்துக்கொள்ளலாம்.

எழுத்துணரி டெசராக்ட் என்றால் பிபிஎம்மை நேராகவே படிக்கும், டிபிஐயை மட்டும் ஓட்டும்போது விருப்பமாகச் சொல்லிவிடுங்கள். அப்போது பிஎன்ஜி, போனில் பார்க்கவும் பத்திரமாக வைக்கவும்தான்.

பழையவற்றை அழிக்கும் முன் அளவை ஒப்பிடுங்கள். 2480, 3508 என்றிருக்கும் வண்ணப் பக்கம் ஒவ்வொன்றும் மிகச் சரியாக 2,60,99,537 பைட் இருக்க வேண்டும். டிஸ்க் நிறைந்து பாதியில் நின்ற கோப்புகள் இதில் மாட்டிக்கொள்ளும், பெரும்பாலும் கடைசிப் பக்கங்கள். அந்தப் பக்கங்களை மட்டும் மறுபடி பிரிக்க, தொடக்கப் பக்கத்துக்குச் சிறிய எஃப், முடிவுப் பக்கத்துக்குச் சிறிய எல் விருப்பத்தைக் கொடுத்தால் போதும்.