பேச்சோடு வரும் ஆங்கில மரபுத்தொடர்கள்: கேள்வி பதில்

ஹட்டன், ஆசிரியை: தரம் 9 பிள்ளைகளுக்கு எப்படித் தொடங்குவது சேர்?

ஒரு பாடத்துக்கு ஒரு தொடர், அதற்கேற்ற ஒரு சூழல். பொருளை முதலில் சொல்லிவிடாதீர்கள். ஒரு பிள்ளை இருமிக்கொண்டு வந்தால், "யூ லுக் எ பிட் அண்டர் த வெதர். ஷல் ஐ கோல் யுவர் மதர்?" என்று கேளுங்கள். இருமலும் அடுத்து வரும் கேள்வியுமே பாதியை விளக்கிவிடும். ஆனால் மழை நாளில் இதை எடுக்க வேண்டாம், "வெதர்" என்றதும் பிள்ளைகள் ஜன்னலைப் பார்ப்பார்கள். அப்புறம் இருவர் இருவராகப் பேச விடுங்கள். ஒருவர் விளையாடக் கூப்பிட வேண்டும், மற்றவர் இந்தத் தொடரைச் சொல்லி வர முடியாது என்று மறுக்க வேண்டும். மறுநாள் "வோஸ் அண்டர் த வெதர்" என்று காலத்தை மாற்றலாம். இது தடிமன், தலைவலி போன்ற சின்னச் சுகவீனத்துக்குத்தான். வார்டில் கிடப்பவரைப் பற்றி இப்படிச் சொன்னால் மனம் நோகும். தயவுசெய்து பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள்.

மஸ்கெலியா, மாணவி: நூறு தொடர்கள் உள்ள பட்டியல் ஒன்று தருவீர்களா?

தரமாட்டேன் மகள். நீங்களே காதால் கேட்டதை, யார் யாரிடம் எப்போது சொன்னார் என்பதோடு எழுதி வையுங்கள்.

பண்டாரவளை: மழைக்கு "கேட்ஸ் அண்ட் டோக்ஸ்" சொல்லலாம்தானே?

கொட்டும் மழைக்குச் சொல்வது அது. நீங்கள் சொல்லத் தேவையில்லை, பிறர் சொல்லக் கேட்டால் விளங்கட்டும், அது போதும். ஜொனதன் ஸ்விஃப்ட் 1738இலேயே, சலித்துப்போன பேச்சுகளைக் கேலி செய்த நூலில் இதைச் சேர்த்துவிட்டார். பிரித்தானியப் பேச்சில் "இட்ஸ் பக்கெட்டிங் டவுன்" என்பார்கள். நம் மழைக்கு அது நன்றாகப் பொருந்தும்.

பதுளை: குறுக்கிடுகிறேன் சேர். ஒரு வாக்கியம்கூடப் பேச வராத தோட்டப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு? இலக்கணம்தானே முதலில்?

இதை நான் ஏற்கமாட்டேன். "கேன் யூ கிவ் மீ எ ஹேண்ட்?" (கொஞ்சம் உதவுவீர்களா?) என்பது முழு வாக்கியம். கேள்வி அமைப்பும் மரியாதையும் அதிலேயே இருக்கின்றன. பாரம் தூக்க ஆள் கூப்பிடும்போது சொல்லிப் பழகினால் இலக்கணமும் கூடவே வரும். தமிழில் "காது குத்தாதே", "வயித்தெரிச்சல்" என்று சரளமாகப் பேசும் பிள்ளைக்கு இது பிடிபடாதா? லயத்துப் பிள்ளைக்கு எளியது போதும் என்று நாமே முடிவுகட்டியதால்தான் பலர் நேர்முகத் தேர்வில் வாய் திறக்கப் பயப்படுகிறார்கள்.

பதுளை: பிழையாகச் சொன்னால் சிரிக்கமாட்டார்களா?

சிரிப்பார்கள். அதனால்தான் பட்டியல் வேண்டாம், பேசிப் பழகட்டும் என்கிறேன்.

நானுஓயா, சுற்றுலா வழிகாட்டி: "நொட் மை கப் ஒஃப் டீ" என்று வெள்ளைக்காரர் சொன்னால் நம் தேயிலை பிடிக்கவில்லை என்றா அர்த்தம்?

இல்லை தம்பி. எது பற்றிய பேச்சு என்று பாருங்கள். மலையேற்றம் பற்றிச் சொன்னால், அவருக்கு அதில் விருப்பமில்லை என்பதை மென்மையாகச் சொல்கிறார். அதற்குப் பதிலாக எல்லவுக்கு ரயிலில் போகலாமா என்று கேளுங்கள்.

வெலிமடை: "கிக் த பக்கெட்"?

செத்துப்போவதை விளையாட்டாகச் சொல்வது அது. செத்த வீட்டில் சொல்லவே கூடாது. "பாஸ்ட் அவே" போதும்.

பொகவந்தலாவ: சேர், ஏதாவது பட்டியல்...

மஸ்கெலியா மாணவிக்குச் சொன்னதுதான்.

தலவாக்கலை: வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லை.

தங்கச்சி இருக்கிறாளா? பாத்திரம் கழுவும்போது "கேன் யூ கிவ் மீ எ ஹேண்ட்?" என்று கேளுங்கள். "ஷுவர்" என்று பதில் சொல்ல அவளுக்குப் பழக்குங்கள். அடுத்த வாரம் அவள் கேட்கட்டும்.