பெரியவர்கள் படம் வரைய மெழுகு கிரேயான் சரிப்படுமா? விலை கூடியது வாங்கத்தான் வேண்டுமா?

சரிப்படும். ஆனால் பெரிய டப்பாவாக வாங்காதீர்கள். உதிரியாக ஐந்தாறு குச்சி போதும்.

பிள்ளைகளின் கிரேயானில் பாரஃபின் மெழுகுதான் அதிகம், நிறமி கொஞ்சம். ஒரு பூச்சு ஏறியதுமே தாள் வழவழத்துவிடும், அடுத்த நிறம் பிடிக்காது. ஓவியர்களுக்கான குச்சியில் நிறமி செறிவு. கறுப்பின் மேல் மஞ்சளைப் போட்டாலும் மஞ்சள் தெரியும். அந்த ஒன்றுக்காகவே கூடுதல் காசு கொடுக்கலாம்.

சுவிட்சர்லாந்தின் கரன் தாஷ் நிறுவனம் 1952இல் கொண்டுவந்த நியோகலர் பெயர் பெற்றது. அதில் ஒன்று, இரண்டு என்று இரண்டு வகை; முதலாவது தண்ணீரில் கரையாது, இரண்டாவது கரையும். ஈரத் தூரிகையால் இழுத்து வாட்டர்கலர் மாதிரி பரப்ப இரண்டாம் வகை. மெழுகால் கோடு போட்டு அதன்மேல் வாட்டர்கலரை ஓடவிட்டு, கோடு மட்டும் சாயம் ஏறாமல் நிற்க வேண்டுமானால் முதல் வகை. இரண்டாம் உலகப் போரில் லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் குண்டுக்குப் பயந்து படுத்துக் கிடந்தவர்களை ஆங்கிலேயச் சிற்பி ஹென்றி மூர் வரைந்தது இந்த மெழுகு உத்தியில்தான். பழகிப் பார்க்க வெள்ளை மெழுகுவத்தியே போதும், செலவில்லை.

நான் இருப்பது கேரளத்தில் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவில் உள்ள கொழிஞ்சாம்பாறை. கண்ணை எந்தப் பக்கம் திருப்பினாலும் பனை. பனைமரம் வரைய இதைவிடத் தோதான சாமான் எனக்குக் கிடைத்ததில்லை. முதலில் காவியும் வெளிர் சாம்பலும் அழுத்தமாகப் பூசிவிட்டு, மேலே கறுப்பால் மூடி, காம்பஸ் முனையால் குறுக்கே சுரண்டுங்கள். மட்டை விழுந்த வடுக்கள் வளையம் வளையமாக எழும்பி வரும். பென்சிலில் ஒவ்வொன்றாகப் போட்டால் மண்டை காய்ந்துவிடும். ஓலையை மட்டும் சுரண்டாதீர்கள், குச்சியின் ஓரத்தால் வெடுக்கென்று இழுத்தால்தான் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் அடிபடுவது தெரியும்.

தாள் 200 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கன அளவு) குறையாமல், கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கட்டும். பள்ளிக்கூட டிராயிங் நோட்டு சுரண்டினால் கிழியும்.

எங்கள் ஊர் வெயிலுக்குச் சித்திரையில் குச்சி இளகும், வண்டிப் பெட்டியில் வைக்காதீர்கள். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் தாள் நமத்துப்போகும், பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். சில வாரங்களில் படத்தின் மேல் வெள்ளைப் புகை மாதிரி படரலாம். பூஞ்சை என்று பயப்பட வேண்டாம், அது மெழுகு மேலே வருவது. மெல்லிய பருத்தித் துணியால் லேசாகத் துடைத்தால் போய்விடும். மெழுகு காய்ந்து இறுகுவதே இல்லை என்பதால் படங்களை அடுக்கும்போது நடுவில் பட்டர் பேப்பர் வைப்பது கட்டாயம். சட்டம் போட்டால் கண்ணாடி படத்தில் ஒட்டாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள்.

இளஞ்சிவப்பும் ஊதாவும் பல கம்பெனிகளில் வெளிச்சத்தில் வெளுக்கும். சுவரில் மாட்டப் போகிற படமென்றால் நிற அட்டையில் ஒளி தாங்கும் குறியைப் பார்த்து வாங்குங்கள். எனக்கு வெள்ளை, கறுப்பு, காவி, மஞ்சள் காவி, ஒலிவப் பச்சை, கருநீலம் இருந்தால் சித்தூர் தாலுகா முழுக்க வரைந்துவிடுவேன். வெள்ளைதான் சீக்கிரம் தீரும், நிறங்களைத் தேய்த்துக் கலக்க அதுவே வேண்டும், இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.